சங்கத்துக்கென்று மின்னஞ்சல், எல்லாருக்கும் ஒரே கலண்டர்: கட்டற்ற மென்பொருளில் அமைப்பது எப்படி

செவ்வாய்க்கிழமைக்கு வானை வாகரைக்கென்று ஒருவர் கொப்பியில் எழுதி வைத்திருப்பார். அதே நாளுக்குப் படுவான்கரை போக வேண்டும் என்று இன்னொருவர் சாரதியிடம் வாயால் சொல்லி வைத்திருப்பார். போன வருட அறிக்கை, வேலையை விட்டுப்போன கணக்காளரின் சொந்த ஜிமெயிலில் கிடக்கும். அலுவலக ஜிமெயில் என்று ஒன்று இருந்தாலும் அதன் பாஸ்வேர்ட் ஆறு பேருக்குத் தெரியும், மீட்பு எண் மட்டும் யாருடையதென்று ஒருவருக்கும் தெரியாது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஐந்து பேர் முதல் நாற்பது பேர் வரை வேலை செய்யும் சங்கங்கள், கூட்டுறவுகள், சிறு கம்பனிகளுக்காக இது எழுதப்படுகிறது. மென்பொருளுக்குக் காசு இல்லை. டொமைனுக்கும் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) சேர்வருக்கும் (அஞ்சலையும் கலண்டரையும் வைத்திருக்கும், எப்போதும் ஓடும் கணினி) அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் நேரத்துக்கும் உண்டு. இதைச் சபையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'இலவசம்' என்ற சொல்லை மட்டும் கேட்டுக் கை தூக்கியவர்கள்தான் மூன்றாம் மாதம் பில் வரும்போது கேள்வி கேட்பார்கள்.

1. தேவையை ஒரே தாளில் எழுதுங்கள்

மென்பொருள் தேடுவதற்கு முன் இவற்றுக்கு விடை எழுதுங்கள்: எத்தனை அஞ்சல் பெட்டி? எத்தனை பேரிடம் அன்ட்ரொய்ட், எத்தனை பேரிடம் ஐபோன்? யாராவது அவுட்லுக்கை விடமாட்டேன் என்கிறாரா? பொதுவில் பதிவுசெய்ய வேண்டிய வான், மண்டபம், புரொஜெக்டர் எத்தனை? பழைய அஞ்சல் எத்தனை ஜிபி?

கடைசியாக இன்னொரு கேள்வி, அதுதான் முக்கியமானது. இரவு எட்டரை மணிக்கு அஞ்சல் நின்றுவிட்டால் யார் பார்ப்பார்? ஒரு பெயரை எழுத முடிய வேண்டும். அவருக்கு லினக்ஸ் கட்டளைத் திரையில் பயமில்லாமல் வேலை செய்யத் தெரிய வேண்டும், மாதத்துக்கு நான்கைந்து மணி நேரம் இதற்கென்று ஒதுக்க வேண்டும். 'மகன் ஐடி படிக்கிறான்' என்பது விடை அல்ல. அவன் அடுத்த வருடம் கொழும்பிலோ கட்டாரிலோ இருப்பான்.

2. அஞ்சலையும் கலண்டரையும் பிரித்து யோசியுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். எல்லாம் ஒரே பொதியில் வர வேண்டும் என்று தேடுகிறார்கள். இரண்டும் ஒரே அளவு கஷ்டமான வேலைகள் அல்ல.

கலண்டர் உங்களுக்குள் மட்டும் ஓடுவது. சேர்வர் அரை நாள் நின்றாலும் போனில் ஏற்கனவே இறங்கிய பிரதி இருக்கும். அஞ்சல் அப்படியில்லை. நீங்கள் அனுப்புவதைக் கூகுளும் மைக்ரோசொஃப்ட்டும் நம்ப வேண்டும். உங்கள் சேர்வரின் ஐபி முகவரியை (இணையத்தில் அதன் எண்) உங்களுக்கு முன் வாடகைக்கு வைத்திருந்தவர் எரிதம் (ஸ்பாம்) அனுப்பியிருந்தால், அந்தப் பழி உங்கள் தலையில் விழும். அஞ்சல் 'போய்விட்டது' என்று காட்டும், பெறுபவரின் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும், கொடையாளர் காலக்கெடு கடந்துவிட்டது என்பார்.

ஆகவே இரண்டு வழி.

முதல் வழி: அஞ்சலை ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் (சேர்வர் இடத்தை வாடகைக்கு விட்டு நடத்தித் தருபவர்) விடுங்கள், கலண்டரையும் முகவரிப் புத்தகத்தையும் மட்டும் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கட்டற்ற மென்பொருளில் நீங்களே நடத்துங்கள். மேலே பெயர் எழுத முடியாதவர்களுக்கும், பத்துப் பேருக்குக் குறைந்த அலுவலகங்களுக்கும் இதுதான் சரி.

இரண்டாம் வழி: அஞ்சல், கலண்டர் இரண்டையும் சொந்தச் சேர்வரில் நடத்துவது. ஆள் இருந்தால் மட்டும்.

முதல் வழியில் தொடங்கி ஒரு வருடம் கழித்து இரண்டாவதுக்கு மாறலாம். டொமைன் உங்கள் கையில் இருக்கும்வரை முகவரிகள் மாறா. தலைகீழாகப் போவதுதான் வேதனை.

3. மென்பொருளைத் தெரிவுசெய்தல்

நெக்ஸ்ட்கிளவுட்: கோப்பு, கலண்டர், தொடர்புகள் எல்லாம் உண்டு. அதன் அஞ்சல் செயலி வேறொரு சேர்வரிலுள்ள பெட்டியைத் திறந்து காட்டுமே தவிர, தானே அஞ்சல் சேர்வர் ஆகாது. சாதாரண பிஎச்பி ஹோஸ்டிங்கிலும் ஓடும். மெமரி வரம்பை 512 எம்பிக்கு உயர்த்த விடுகிறார்களா, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் கிரொன் வேலை (குறித்த நேரத்தில் சேர்வர் தானே செய்யும் வேலை) போட முடியுமா என்று வாங்கும் முன் கேளுங்கள். கிரொன் இல்லாவிட்டால் நினைவூட்டல் அஞ்சல்கள் நேரத்துக்குப் போகா. இன்னொன்று, பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். இரண்டு வருடம் விட்டுவிட்டு ஒரே நாளில் ஏற்ற நினைத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

மெயில்கவ்: இரண்டாம் வழிக்கு நாம் சொல்வது இதைத்தான். அஞ்சலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைத் திறந்து தரும் டவ்கொட், ஸ்பாம் வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி, கலண்டருக்கு சோகோ எல்லாம் டொக்கர் பெட்டிகளாக (ஆயத்தமாகக் கட்டிய மென்பொருள் பொதிகள்) சேர்ந்தே வரும். (சோகோ வேறு, ஸோஹோ வேறு. தொலைபேசியில் விளக்கும்போது இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். ஸோஹோ சென்னைக் கம்பனியின் சேவை, திறந்த மூலம் அல்ல.) நிர்வாகத் திரை நல்லது, புதுப்பிப்பு ஒரு கட்டளையில் முடியும். குறை, ரேம் நிறையக் கேட்கும்.

சோகோவைத் தனியாக நிறுவப் போனால் ஒரு விசயம் தெரிந்திருக்க வேண்டும். நிலையான பதிப்பின் ஆயத்தப் பொதிகள் ஆதரவுச் சந்தா கட்டியவர்களுக்கே. காசில்லாமல் கிடைப்பது நாளாந்தக் கட்டமைப்புகள், அதாவது இன்னும் உறுதிப்படாத அன்றாடப் பதிப்புகள். மெயில்கவ்வுக்குள் அது ஏற்கனவே சேர்த்துத் தரப்படுவதால் இந்தத் தலையிடி இல்லை.

மெயில்-இன்-எ-பொக்ஸ்: சிறிய சேர்வரில் ஓடும், தன் டிஎன்எஸ்ஸைக்கூட (டொமைன் பெயர் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவுகள்) தானே பார்க்கும். ஆனால் குறித்த உபுண்டு பதிப்பும் முழு இயந்திரமும் அதற்கே வேண்டும், அது சொல்லும் விதத்தில்தான் நடக்க வேண்டும். ஐரெட்மெயில் நல்லது, கட்டணமில்லாப் பதிப்பின் நிர்வாகத் திரைதான் மெலிந்தது, மேம்படுத்துவதும் கையால் படிப்படியாக. ஈகுரூப்வேரில் கலண்டர் பலம், அஞ்சலுக்கு வேறு சேர்வர் தேடிக்கொள்ள வேண்டும்.

ஸிம்ப்ரா பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. பழைய காணொளிகள் எல்லாம் அதைத்தான் சிபாரிசு செய்யும். 8.8.15 பதிப்போடு கட்டணமில்லாத ஆயத்தப் பொதிகள் நின்றுவிட்டன. அந்தப் பதிப்புக்கான ஆதரவும் 2023 இறுதியில் முடிந்தது. யாராவது 'எனக்கு ஸிம்ப்ரா போடத் தெரியும்' என்று வந்தால், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

எதை எடுத்தாலும் இரண்டைப் பாருங்கள்: கடைசி வெளியீடு எப்போது, கால்டேவ் (கலண்டருக்கான பொது இணைப்பு முறை), ஐமேப் (அஞ்சலுக்கானது) இரண்டும் உண்டா. இந்த இரண்டும் இருந்தால், பிடிக்காவிட்டால் தரவை எடுத்துக்கொண்டு வெளியேறலாம்.

வான் பிரச்சினைதான் உங்கள் முதல் பிரச்சினை என்றால் தெரிவு இன்னும் சுலபம். மெயில்கவ்வில் வானை ஒரு 'வளம்' என்று பதிவுசெய்து ஒரே நேரத்தில் ஒரு பதிவு மட்டும் என்று வரம்பு போடலாம், இரண்டாவது ஆளை அது மறுத்துவிடும். நெக்ஸ்ட்கிளவுட்டில் சாதாரணமாகச் செய்யக்கூடியது 'வான்' என்று ஒரு பகிர்ந்த கலண்டர்தான். மோதல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது தடுக்காது.

4. டொமைன்: சங்கத்தின் பெயரில், சங்கத்தின் கையில்

இணையத்தளம் செய்துதந்தவரின் பெயரிலேயே டொமைன் கிடப்பது இங்கே சர்வசாதாரணம். அவர் போனை எடுக்காத நாளில் உங்கள் அஞ்சல் முழுவதும் அவர் கையில். ஏற்கனவே டொமைன் இருந்தால், உரிமையாளர் பெயரும் தொடர்பு மின்னஞ்சலும் யாருடையவை என்று இன்றே பாருங்கள்.

டொட் எல்கே பெயர் வேண்டுமென்றால் எல்கே டொமைன் பதிவகத்தில் எடுக்க வேண்டும். பாடசாலை, அரச நிறுவனம் போன்றவற்றுக்கென்று ஒதுக்கிய இரண்டாம் நிலைப் பெயர்களுக்கு நிறுவனத்தை உறுதிப்படுத்தும் ஆவணம் வேண்டும். எந்தப் பெயர் எடுத்தாலும் இவற்றை ஒரே கோப்பில் ஸ்கேன் செய்து வைத்திருங்கள்: பதிவுச் சான்றிதழ், தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்ட கடிதத்தாள் கடிதம், பொறுப்பானவரின் அடையாள அட்டைப் பிரதி, செலவுக்கு ஒப்புதல் தந்த கூட்ட அறிக்கையின் பக்கம். கடைசியது கணக்காய்வுக்கு. வெளிநாட்டுக் கம்பனிக்கு டொலரில் ஏன் கட்டினீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

தொடர்பு மின்னஞ்சலாக அந்த டொமைனிலேயே உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் புதுப்பிக்கச் சொல்லும் அஞ்சலும் சேர்ந்தே நின்றுவிடும். வெளியே ஒரு முகவரி கொடுங்கள், அதைச் செயலாளரும் பொருளாளரும் இருவருமே பார்க்கட்டும்.

தமிழில் டொட் இலங்கை என்று பெயர் எடுக்கலாம், இணையத்தளத்துக்கு அழகுதான். அஞ்சல் முகவரியாக அதை நம்பாதீர்கள். தமிழ் எழுத்து முகவரியை ஏற்காத சேர்வர்களும் படிவங்களும் இன்னும் ஏராளம்.

பெட்டிகளை ஆளின் பெயரில் மட்டும் வைக்காமல் பதவியின் பெயரிலும் வையுங்கள்: செயலாளர், கணக்கு, தகவல். வெளியே அச்சடிக்கும் முகவரி பதவியினுடையதாக இருக்கட்டும். ஆள் மாறும்போது அதை அடுத்தவரிடம் திருப்பிவிட்டால் போதும்.

5. சேர்வரை எங்கே வைப்பது

அலுவலகத்தில் வைக்காதீர்கள். பழைய கணினி சும்மா கிடக்கிறது, யூபிஎஸ்ஸும் இருக்கிறது என்று தோன்றும். வடகீழ்ப் பருவமழையில் நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளம், அதற்கு முன் ஒக்டோபர் இடி மின்னல், இடையில் மின்வெட்டு. இவை எல்லாவற்றையும் தாங்கினாலும் இணைய இணைப்பு விடாது. வீட்டு, சிறு வணிக இணைப்புகளில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். 4ஜி ரவுட்டர்களில் பலர் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் நிற்பதால் வெளியிலிருந்து உங்களிடம் வர வழியே இருக்காது. மாறும் ஐபியிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய சேவைகள் வாசலிலேயே திருப்பிவிடும்.

வாடகை மெய்நிகர் சேர்வர், அதாவது விபிஎஸ், எடுங்கள். சிங்கப்பூரில் இருந்தால் வேகம் நன்றாயிருக்கும். இரண்டாம் வழியில் போகிறவர்கள் காசு கட்டுவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியவை நான்கு:

வெளிச்செல்லும் 25ஆம் போர்ட் (சேர்வர்கள் ஒன்றுக்கொன்று அஞ்சல் அனுப்பும் வாசல்) திறந்திருக்கிறதா, இல்லாவிட்டால் கேட்டால் திறப்பீர்களா, எத்தனை நாளில்? பல நிறுவனங்கள் புதிய வாடிக்கையாளருக்கு இதை மூடியே வைத்திருக்கும். சிலர் முதல் மாதப் பில் கட்டிய பிறகுதான் திறப்பார்கள், சிலர் திறக்கவே மாட்டார்கள். 25 இல்லாமல் அஞ்சலைப் பெறலாம், மற்றச் சேர்வர்களுக்கு நேரே அனுப்ப முடியாது.

தலைகீழ் டிஎன்எஸ், அதாவது ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவை, நானே மாற்றலாமா? இது டொமைன் விற்றவரிடம் இல்லை, ஐபி கொடுத்தவரிடம் இருப்பது. இங்கே பலர் இரண்டு நாள் தவறான இடத்தில் தேடுவார்கள்.

முழு மெய்நிகர் இயந்திரமா? ஓபன்விஇசெட், எல்எக்ஸ்சி என்ற பகிர்ந்த வகைகளை மெயில்கவ் ஆதரிக்காது.

தரும் ஐபி தடைப்பட்டியலில் இருந்தால் மாற்றித் தருவீர்களா? கைக்கு வந்த உடனே, எதையும் நிறுவுவதற்கு முன், ஸ்பாம்ஹவுஸ் என்ற தடைப்பட்டியல் தளத்தில் அந்த ஐபியைப் போட்டுப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் அழித்துவிட்டு வேறு கேளுங்கள். அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ரேம் விசயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மெயில்கவ்வுக்குக் குறைந்தது 6 ஜிபியும் 1 ஜிபி ஸ்வொப்பும் (ரேம் நிறைந்தால் உதவும் டிஸ்க் இடம்). ஐந்து முதல் பத்துப் பேர் வரை 8 ஜிபி. ஆக்டிவ்சிங்கில் (அஞ்சலையும் கலண்டரையும் சேர்த்துப் போனுக்கு அனுப்பும் முறை) 15 போன், கூடவே ஐம்பது ஐமேப் இணைப்பு என்றால் 16 ஜிபிக்குத் திட்டமிடச் சொல்கிறார்கள் அதைச் செய்தவர்களே. காரணம், சோகோவின் ஒரு 'வேலையாள்' (பின்னணியில் ஓடும் ஒரு செயல்பாடு) மட்டும் 350 எம்பிவரை விழுங்கும். ரேம் போதாதென்றால் முதலில் கிளாம்ஏவி வைரஸ் வடிகட்டியை நிறுத்துவார்கள். அவசரத்துக்குச் சரி, ஆனால் வேர்ட் கோப்புகளே ஓடித்திரியும் அலுவலகத்துக்கு நல்லதல்ல.

8 ஜிபி சேர்வர், நிறுவனத்தைப் பொறுத்து, மாதம் 10 டொலருக்குக் கீழிருந்து 50 டொலர் வரை போகும். சர்வதேச இணையக் கொடுப்பனவுக்கு அனுமதித்த வங்கி அட்டை தேவை, பல வங்கிகளில் இதைத் தனியாகக் கேட்டுத் திறக்க வேண்டும். அட்டை காலாவதியாகும் மாதத்தை, வேறெங்கும் இல்லை, உங்கள் புதிய கலண்டரிலேயே எழுதி வையுங்கள். அட்டை காலாவதியானதாலேயே சேர்வர் அழிக்கப்படலாம். முடிந்தால் வருடக் கட்டணமாகக் கட்டுங்கள். டொலர் ஏறினால் நடுவில் தடுமாற வேண்டியதில்லை.

6. டிஎன்எஸ் பதிவுகள்

பழைய அஞ்சல் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால், மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிடிஎல்லை (மற்றவர்கள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறையுங்கள். மாற்றும் நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம். ஜும்மாவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எப்படியும் அலுவலகம் அரைவாசி காலியாகத்தான் இருக்கும், சனி ஞாயிறு திருத்துவதற்கு மிஞ்சும்.

வரிசை இதுதான். முதலில் அஞ்சல் சேர்வரின் பெயருக்கு ஏ பதிவு (பெயருக்குரிய ஐபியைக் காட்டுவது). பிறகு அந்த ஐபியின் பிடிஆர் அதே பெயரைக் காட்ட வேண்டும், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக. அதன் பிறகு எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்தச் சேர்வர் அனுப்பலாம் என்பது), டிகிம் (அஞ்சலில் இடும் மின் ஒப்பம்), டிமார்க் (இவை பொருந்தாவிட்டால் பெறுபவர் என்ன செய்வது என்பது). கடைசியில்தான் எம்எக்ஸ் (உங்களுக்கு வரும் அஞ்சல் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்பது). எம்எக்ஸை முதலில் மாற்றினால், இன்னும் ஆயத்தமாகாத சேர்வருக்கு அஞ்சல் வரத் தொடங்கிவிடும். என்ன பதிவு போட வேண்டும் என்று மெயில்கவ் தன் நிர்வாகத் திரையிலேயே காட்டும். சரியாகப் போட்டதும் பச்சையாகும்.

பொறிகள் சில. எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்று. பழைய ஹோஸ்டிங் போட்டதை விட்டுவிட்டுப் புதியதைச் சேர்த்தால் இரண்டும் செல்லாமல் போகும். டிகிம் 2048 பிட் சாவி 255 எழுத்தைத் தாண்டும். சில டொமைன் விற்பனையாளர்களின் பெட்டி அதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும், ஆகவே சேமித்த பிறகு கடைசி எழுத்துவரை ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்வருக்கு ஐபிவி6 (புதிய வகை ஐபி) முகவரி இருந்தால் அதற்கும் பிடிஆர் வேண்டும். இல்லாவிட்டால் ஜிமெயில் மட்டும் திருப்பியனுப்பும், மற்றவர்களுக்குப் போகும், ஏன் என்று தலையைப் பிய்ப்பீர்கள். டிமார்க்கை முதல் மாதம் 'நன்' (ஒன்றும் செய்யாதே) என்று வைத்து அறிக்கைகளைப் பாருங்கள், எல்லாம் சரியென்றால் 'குவாரன்டைன்' (ஸ்பாமில் ஒதுக்கு) ஆக்குங்கள்.

இவை விருப்பத் தேர்வுகள் அல்ல. 2024 பெப்ரவரி முதல் தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், அத்துடன் சரியான பிடிஆர் வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு நாளில் ஐயாயிரத்துக்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும்.

முதல் வழியில் போனவர்களுக்கு இதில் பாதியை ஹோஸ்டிங் நிறுவனமே செய்திருக்கும். டிகிம்மைப் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டு உறுதிசெய்யுங்கள். மணிக்கு எத்தனை அஞ்சல் அனுப்பலாம் என்பதையும் கேளுங்கள், உறுப்பினர் எல்லாருக்கும் கூட்ட அழைப்பு அனுப்பும் நாளில் அந்த வரம்பு தடுக்கும்.

7. நிறுவிய அன்றே செய்பவை

மெயில்கவ்வின் நிர்வாகிக் கணக்கு உலகத்துக்கே தெரிந்த ஆரம்பக் கடவுச்சொல்லோடுதான் வரும் ('மூஹூ', மாட்டுச் சத்தம்). உள்ளே போய் முதலில் அதை மாற்றி இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அடுத்து ஒவ்வொரு பெட்டிக்கும் அளவு வரம்பு. வரம்பில்லாத ஒரு பெட்டியில் யாராவது கல்யாண வீடியோ சேர்த்தால் எல்லாருக்கும் அஞ்சல் நின்றுவிடும். நேர வலயம் ஏசியா/கொழும்பு.

பிறகு ஒரு வாரம் சும்மா ஓட விடுங்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் தங்கள் ஜிமெயில், யாகூ, அவுட்லுக் முகவரிகளுக்கு அனுப்பி, அவற்றிலிருந்து பதிலும் போடட்டும். புதிய ஐபியிலிருந்து முதல் நாளே நானூறு பேருக்கு அழைப்பிதழ் அனுப்பினால் நேரே ஸ்பாம்தான்.

8. கலண்டரை அடுக்குதல்

ஒரே பெரிய கலண்டர் வேண்டாம். நான்கு போதும்: விடுமுறை, வெளிக்கள வேலை, கூட்டங்கள், லீவு. ஒவ்வொருவரின் சொந்தக் கலண்டர் தனி.

சோகோவில் பகிரும்போது பொது, இரகசியம், தனிப்பட்டது என்று மூன்று வகை நிகழ்வுகளுக்கும் தனித்தனியாக உரிமை கேட்கும். எல்லாருக்கும் ஏற்ற அமைப்பு இது: பொது நிகழ்வை முழுதாகப் பார்க்கலாம், இரகசியத்தின் நாள் நேரம் மட்டும் தெரியும், தனிப்பட்டது தெரியவே தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தனிப்பட்டது என்று போட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெளிக்களக் கலண்டரில் மட்டும் உத்தியோகத்தர்களுக்கு மாற்றும் உரிமை கொடுங்கள். உரிமை கொடுத்துவிட்டால் மட்டும் மற்றவரின் திரையில் தெரியாது, அவர் அதற்குச் 'சந்தாதாரர்' ஆக வேண்டும். 'பகிர்ந்தேன், வரவில்லை' என்று வரும் புகாரில் பத்துக்கு ஒன்பது இதுதான். நெக்ஸ்ட்கிளவுட்டில் பகிர்ந்ததும் தானாக வந்துவிடும்.

வானுக்கு: மெயில்கவ்வில் 'வளங்கள்' பகுதிக்குப் போய் வகையைப் 'பொருள்' என்று தெரிந்து, பல பதிவுகள் என்ற இடத்தில் சொந்த வரம்பு 1 போடுங்கள். அங்கே 'எப்போதும் காலி' என்றும் ஒரு தெரிவு இருக்கும், அதைத் தொட்டால் மறுபடி கொப்பிக் காலம்தான். இனி வாகரை போகிறவர் நிகழ்வு போட்டு, வானையும் ஒரு ஆள்போல அழைப்பார். சாரதியின் போனிலும் வானின் கலண்டரை ஏற்றிவிடுங்கள். அவர் பார்க்காவிட்டால் எல்லாம் வீண்.

விடுமுறைக் கலண்டரை வருடத் தொடக்கத்தில் ஒருவர் மட்டும் நிரப்பட்டும், மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை மட்டும். போயா நாட்களை முழுநாள் நிகழ்வாகப் போடுங்கள். இரண்டு பெருநாட்களும் பிறையைப் பொறுத்தவை, ஆகவே தலைப்பிலேயே 'உத்தேசம்' என்று சேர்த்து அடுத்த நாளையும் காலியாக விடுங்கள். கல்முனை, காத்தான்குடிப் பக்கம் வெளிக்களம் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு வாராவாரம் திரும்பும் ஒரு தடை நிகழ்வு வைத்தால், கொழும்பிலிருந்து அந்த நேரத்துக்குக் கூட்டம் வைக்கும் ஆளுக்கும் புரியும்.

தமிழ் எழுத்தில் ஒரு பெரிய பொறி. பல அலுவலகங்களில் பழைய அட்டவணைகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. திரையில் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. அதை அப்படியே ஏற்றினால் போனில் கண்டபடி ஆங்கிலக் கிறுக்கல் வரும். முதலில் யுனிகோடுக்கு மாற்றி, எக்செலில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்பதையே தெரிவுசெய்யுங்கள். சாதாரண சிஎஸ்வி என்றால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். மாற்றிய பிறகு 'கூட்டம்' என்று தேடிப் பாருங்கள், கிடைத்தால் சரி.

நேரம் தவறாகத் தெரிந்தால் சேர்வரைத் தொடும் முன் அந்தக் கணினியைப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து வந்த மடிக்கணினிகள் டுபாய் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதில் 9.00 மணிக்குப் போட்ட கூட்டம் மற்றவர்களுக்கு 10.30 என்று தெரியும். கட்டார் நேரமென்றால் 11.30.

9. போனிலும் கணினியிலும்

ஐபோனில் கால்டேவ் உள்ளேயே இருக்கிறது. அன்ட்ரொய்ட்டில் இல்லை, டேவ்எக்ஸ்5 செயலி வேண்டும். பிளே ஸ்டோரில் காசு, எஃப்-டிராய்ட் என்ற கட்டற்ற செயலிக் களஞ்சியத்தில் இலவசம், இரண்டும் ஒன்றே. போட்டவுடன் அந்தச் செயலிக்கு பட்டரிச் சிக்கனத்தை நிறுத்துங்கள். மலிவான போன்கள் பின்னணியில் ஓடுவதைக் கொன்றுவிடும், காலையில் மாற்றிய நேரம் பின்னேரம்தான் வந்து சேரும்.

கணினியில் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் செயலி. அவுட்லுக்குக்குக் கால்டேவ் தெரியாது. பழைய அவுட்லுக்குக்கு இலவச இணைப்பி ஒன்று உண்டு, அல்லது மெயில்கவ்வின் ஆக்டிவ்சிங்க். புதிய அவுட்லுக்கில் அந்த இணைப்பி ஓடாது. அவுட்லுக் பிடிவாதக்காரருக்கு உலாவியைத் திறந்து காட்டுங்கள், பாதிப் பேர் அதிலேயே இருந்துவிடுவார்கள்.

10. பழைய அஞ்சலைக் கொண்டுவருதல்

பழைய பெட்டியைப் புதியதற்குப் படியெடுக்கும் ஐமேப்சிங்க் கருவி மெயில்கவ்விலேயே இருக்கிறது. ஜிமெயிலிலிருந்து எடுக்க, அந்தக் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, செயலிக் கடவுச்சொல் உருவாக்க வேண்டும். சாதாரணக் கடவுச்சொல்லை ஏற்காது. ஜிமெயில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2500 எம்பிதான் இறக்க விடும். 15 ஜிபி நிறைந்த பெட்டிக்கு ஆறு நாளுக்கு மேல். இதைத் தெரியாமல் சனிக்கிழமை தொடங்கித் திங்கள் முடிப்போம் என்று அறிவித்துவிடாதீர்கள். விலகிப்போனவர்களின் சொந்தக் கணக்கில் உள்ளவற்றை அவர்களைக் கூப்பிட்டு, தேவையானதை மட்டும் முன்னனுப்பச் சொல்வதே மரியாதையான வழி.

11. பேக்கப்

மெயில்கவ்வுடன் வரும் பேக்கப் நிரலை இரவு இரண்டு மணிக்கு ஓட விடுங்கள், அதன் விளைவு வேறொரு நிறுவனத்தின் இடத்துக்குப் போகட்டும். சேர்வருக்குள்ளேயே கிடக்கும் பேக்கப் சேர்வரோடு சேர்ந்து போகும். மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் மறையாக்கம் செய்த பிரதி எடுத்து, வேறொருவர் வீட்டில், மேல்மாடியில் அலுமாரியில் வையுங்கள். ஒக்டோபர் முடிவதற்குள் ஒரு பிரதி கட்டாயம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு வாடகைக்கு எடுக்கும் தற்காலிகச் சேர்வரில் பேக்கப்பை ஏற்றி, ஒரு பெட்டியைத் திறந்து, கடந்த வார அஞ்சலும் வானின் கலண்டரும் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு அழித்துவிடலாம். செலவு ஒரு டொலரைத் தாண்டாது.

12. கால அட்டவணையும் கடித உறையும்

முதல் வழிக்கு, டொமைன் கையில் இருந்தால், இரண்டு மூன்று நாள். இரண்டாம் வழிக்கு நான்கு வாரம் வையுங்கள்: ஆவணமும் டொமைனும் ஒரு வாரம், சேர்வரும் 25ஆம் போர்ட்டும் ஒரு வாரம், சோதனை ஒரு வாரம், பழைய அஞ்சலும் போன்களும் ஒரு வாரம். ஒரு போனுக்கு அரை மணி நேரம் போகும், கடவுச்சொல்லை மறந்தவருக்கு ஒரு மணி நேரம்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒரு உறையில் இவற்றை எழுதி ஒட்டி, சங்கத்தின் பெட்டகத்தில் காசோலைப் புத்தகத்தோடு வையுங்கள்: டொமைன் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும், சேர்வர் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும், இரண்டடுக்குச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடுகள், பேக்கப்பின் சாவி, எந்த அட்டையிலிருந்து எப்போது காசு போகிறது என்ற குறிப்பு. உறையின் மேல் திகதி போட்டுப் பொருளாளர் ஒப்பமிடட்டும். கடவுச்சொல் மாறினால் உறையும் மாற வேண்டும்.